அறுபத்தொரு லீற்றர்

மோல்ட் தண்ணீர் குடிக்கும். பியர் குடிக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரியாது. முளைக்கவைத்து, உலர்த்தி, உடைத்த பார்லியைத்தான் மோல்ட் என்கிறோம். அதில் ஒரு கிலோவைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரை அது தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பிழிந்தாலும் தராது. இருபது லீற்றர் பியர் வேண்டுமென்று இருபது லீற்றர் தண்ணீர் ஊற்றுகிறவன் கடைசியில் பாதி நிரம்பிய வாளியைப் பார்த்து முழித்துக்கொண்டு நிற்பான்.

இதை நான் தமிழில் எழுதித் தருகிறேன். எனக்கு ஜெர்மன் தெரியும். டோர்ட்மண்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருடமாகிறது. ஆனால் என்னை முதல் தடவை பொலிஸில் சாட்சியாக விசாரித்தபோது விதிமுறைக்காக நீங்கள் கூப்பிட்டிருந்த மொழிபெயர்ப்பாளர், நான் எண் சொன்ன இடமெல்லாம் 'கொஞ்சம்', 'நிறைய' என்று சொல்லிக் கடந்து போனார். நல்ல பெண். சென்னையில் படித்தவராம். எண்களைப் பூ அலங்காரம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எழுத்தில் இருந்தால் அவருக்கும் சிரமமில்லை.

என் பெயர் ஞானசுந்தரம். வயது அறுபத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் ரியூற்றரிகளில் கணிதம் படிப்பித்தேன். இங்கே இருபத்தொன்பது வருடம் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். முழங்கால் இரண்டும் பழுதான பிறகு வீட்டில் இருக்கிறேன். மனைவி பாலாம்பிகை முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். நான் குடிப்பதில்லை. ஒரு நாளும் குடித்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பீலிக்ஸ் அடுத்த வீட்டுக்காரன். மன்னார் ஆள். பார்சல் கம்பனியில் வான் ஓட்டினான். என்னைவிட ஆறு வயது இளையவன். ஒன்பது வருடத்துக்கு முன் அவனுடைய மகள் மெலனி, வீட்டில் பியர் காய்ச்சும் பெட்டி ஒன்றை அவனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாள். அவன் தன் வீட்டுக்குக் கீழே உள்ள கெல்லரில் அதைக் காய்ச்சிவிட்டு, நனைந்த சேட்டோடு வந்து என் கதவைத் தட்டினான்.

"அண்ணை, இருபது லீற்றர் விட்டனான். பன்ரண்டுதான் கிடக்கு. எட்டு லீற்றர் எங்கை போச்சு?"

மோல்ட் குடித்தது எவ்வளவு, கொதிக்கும்போது ஆவியாகப் போனது எவ்வளவு, சட்டியின் அடியில் வண்டலோடு நின்றது எவ்வளவு, ஆறும்போது சுருங்கியது எவ்வளவு என்று ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். எட்டு லீற்றரும் வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. என் முதுகில் தட்டி, "அப்ப மோல்டும் எங்கடை ஆக்களைப் போலத்தான், கண்டால் விடாது" என்று சொல்லிச் சிரித்தான்.

பீலிக்ஸுக்கு உலகத்தில் இரண்டு அளவுகள்தான் தெரியும். ஒன்று, காணும். மற்றது, காணாது. சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "காணும் அண்ணை" என்பான். வெப்பமானியைத் துடைத்து வைப்பேன். அவன் விரலை விட்டுப் பார்ப்பான். "தண்ணிதானே, கொஞ்சம் கூடினால் என்ன?" என்று ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பான் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தண்ணீர்க் கணக்கு என்னுடையது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அவன் அதைக் கெல்லர்க் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டுவான். சனிக்கிழமை காலையில் அதில் உள்ளபடி அளந்து விடுவான். அந்தத் தாளை ஒரு தரமாவது சரிபார்த்தானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரிந்தது. வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்காமல் விடுவதற்கு வேறு என்ன பெயர்?

அவனுடைய பியர் நல்லது என்று பெயர் எடுத்தது. இங்கே வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்து ஜெர்மன்காரர்கள் பெரிய மீசைகளோடு வந்து, கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒவ்வொரு முறையும் ஒரே தரம், எப்படி பீலிக்ஸ்?" என்று கேட்பார்கள். அவன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் உரசிக் காட்டுவான். நான் பக்கத்தில் வெப்பமானியோடு நிற்பேன். ஒரே தரம் என்பது ஒரே தண்ணீர். அதைக் கேட்டிருந்தால் அவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கப்படுத்தியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

போன வருடக் கோடையில் எங்கள் தமிழ் ஆட்கள் பூங்காவில் ஒரு ஒன்றுகூடல் வைத்தார்கள். பீலிக்ஸ் இரண்டு பீப்பா கொண்டுவந்திருந்தான். ஒலிவாங்கியை அவனிடம் கொடுத்தார்கள். அவன் என்னைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தி, "இவர் இல்லாட்டி எனக்கு ஒண்டும் ஓடாது. இவர்தான் எங்கடை தண்ணிக்காரன்" என்றான்.

தண்ணி என்றால் தமிழில் இன்னொன்றும் இருக்கிறது. இதை மொழிபெயர்ப்பவர் உங்களுக்கு விளங்கப்படுத்துவார். இருநூறு பேர் சிரித்தார்கள். என்னிடம் படித்த ஒருவன், இப்போது எர்லாங்கனில் பொறியியலாளர், அவனும் சிரித்தான். பாலாம்பிகைகூடச் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் தமிழ்க் கடையில் கோவா வாங்கப் போனபோது காசாளர், "என்ன தண்ணிக்கார அண்ணை, சுகமே?" என்று கேட்டான். பீலிக்ஸ் அதை அன்பாகத்தான் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணத்துக்கும் சிறிது யோசிக்க வேண்டும்.

இதற்காகத்தான் நான் செய்தேன் என்று எழுதிவிட வேண்டாம். ஒரு சொல்லுக்காக மனிதர்களைக் கொல்கிற ஆள் நான் இல்லை.

மெலனிக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜெர்மன் பையன். நூற்றிருபது விருந்தினர். பீலிக்ஸ் தானே பியர் காய்ச்சப் போவதாகச் சொன்னான். மூன்று சனிக்கிழமை, ஒவ்வொரு தடவையும் நாற்பது லீற்றர். வழக்கத்தின் இரட்டிப்பு. அதற்காக மூடப்பட்ட ஒரு பாடசாலைச் சமையலறையிலிருந்து எழுபது லீற்றர் சட்டி ஒன்றை வாங்கிவந்து, அடியில் பைப் பொருத்தினான். அந்தப் பைப் இறுகிப்போயிருந்தது. திறக்க இரண்டு கையாலும் தன் பக்கம் வெட்டி இழுக்க வேண்டும். எண்ணெய் போடச் சொன்னேன். "பிறகு பாப்பம்" என்றான்.

சட்டியை இரும்பு ஸ்ராண்டின் மேல் வைத்தான். இடுப்பளவு உயரம். ஐம்பது கிலோ வரை என்று அதன் காலில் ஒட்டியிருந்தது. அதே காலில் ஒரு வளைவு இருந்தது. ஆட்டம் தெரியாமலிருக்க அதன் கீழே பியர் கிளாஸுக்குக் கீழே வைக்கும் மட்டை ஒன்றை நாலாக மடித்து வைத்திருந்தான். இவ்வளவு காலமும் அதன் மேல் இருபது, இருபத்தைந்து கிலோவுக்கு மேல் ஏறியதில்லை.

கலியாணத்துக்கு ஐந்து வாரம் இருக்க, வெள்ளிக்கிழமை பின்னேரம் போத்தலில் ஒட்டுகிற லேபிளைக் கொண்டுவந்து காட்டினான். நல்ல தாள். நடுவில் அவனுடைய படம். மேலே ஜெர்மனிலும் கீழே தமிழிலும் எழுத்து. தமிழில், 'பீலிக்ஸின் கைப்பக்குவம்'. ஜெர்மனில், அளவுகோல் இல்லாமல் உணர்வால் காய்ச்சியது என்ற பொருளில் ஒரு வரி.

"எப்பிடி அண்ணை? மெலனிதான் எழுதினவள்."

"நல்லாயிருக்கு" என்றேன்.

"உங்கடை பேரையும் போடுவம் எண்டுதான் பாத்தன். இடம் காணாது."

அவன் போன பிறகு மேசையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். மோல்ட் பத்துக் கிலோ. வேண்டிய பியர் நாற்பது. மோல்ட் குடிப்பது பத்து. ஆவியாவது ஆறு. வண்டலோடு நிற்பது மூன்று. சுருங்குவது இரண்டு. மொத்தம் அறுபத்தொன்று. இதில் முதலில் மோல்டை ஊறவைக்க முப்பது லீற்றர். மிச்சம் மேலே ஸ்ராண்டில் உள்ள சட்டியில் சூடேறிக்கொண்டிருக்க வேண்டும். ஊறி முடிந்ததும் பைப்பைத் திறந்து, அந்த நீரால் மோல்டைக் கழுவ வேண்டும். அறுபத்தொன்றிலிருந்து முப்பதைக் கழித்தால் முப்பத்தொன்று. சட்டி ஒன்பது கிலோ. சேர்த்தால் நாற்பது. ஸ்ராண்ட் தாங்கும்.

நல்ல தாள் ஒன்றை எடுத்து எழுதினேன். ஊறவைக்க: முப்பது. கழுவ: அறுபத்தொன்று.

பாலாம்பிகை போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். தாளைக் கொண்டுபோய் அவன் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டேன்.

ஸ்ராண்ட் சரியும், சட்டி நெளியும், அவன் கலியாணப் பியர் நிலத்தில் ஓடும், தண்ணீருக்கு எடை உண்டு என்பதை அவன் ஒரு தரமாவது படிப்பான் என்றுதான் நினைத்தேன். அன்றிரவு எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிவரை நம்பினேன் என்றும் சொல்லலாம்.

ஒன்பது மணிக்குப் போனேன். அவன் மோல்டை ஊறவைத்துவிட்டு, மேல் சட்டிக்குள் ஹோஸால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். வானொலி பாடிக்கொண்டிருந்தது. நாற்பதுக் கோட்டைத் தாண்டியதும் தலையைச் சரித்துப் பார்த்தான்.

"அண்ணை, இண்டைக்குத் தண்ணி கூடப்போலக் கிடக்கு."

ஒன்பது வருடத்தில் அவன் கேட்ட ஒரே புத்தியான கேள்வி அது. சரியான மறுமொழி சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். நான் ஏன் சொல்லவில்லை என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான்.

"தாளிலை என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"அறுபத்தொண்டு."

"அப்ப அறுபத்தொண்டு விடு. கலியாணமெல்லே."

"நீங்கள் சொன்னால் சரிதான்" என்று விட்டான்.

ஸ்ராண்ட் தாங்கியது. எழுபது கிலோவோடு ஒன்றேகால் மணித்தியாலம் நின்றது. எனக்கே வியப்பாக இருந்தது. நேராக இறங்கும் பாரத்தை இரும்பு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் இழுத்தால் பொறுக்காது. பீலிக்ஸ் மகளின் கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தான். எங்களை முன் மேசையில் இருத்தப்போவதாகச் சொன்னான். நான் மடித்த மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கடதாசி போலத் தட்டையாகியிருந்தது. மேல் சட்டியில் எழுபத்தெட்டு பாகை வந்ததும் சொன்னேன்.

"இப்ப திறக்கலாம்."

அவன் சட்டிக்கு முன்னால் குந்தினான். பைப்பை இரண்டு கையாலும் பிடித்தான். நான் இரண்டு அடி பின்னால் போனேன்.

முதல் விசாரணையில் நான் எங்கே நின்றேன் என்று நீங்கள் கேட்டீர்கள். கதவடியில் என்றேன். அது உண்மை. எப்போது அங்கே போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

பிறகு நடந்ததை நீங்கள் படங்களில் பார்த்திருக்கிறீர்கள். நான் அவசர உதவிக்கு, நூற்றுப்பன்னிரண்டுக்கு அடித்தேன். குளிர்ந்த தண்ணீர் விடச் சொன்னார்கள். அதே ஹோஸை எடுத்து அவன்மேல் பிடித்தேன். அம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் எடுத்தது. அந்த ஹோஸில் நிமிடத்துக்குப் பதினொரு லீற்றர் வரும். தொண்ணூற்றொன்பது லீற்றர். அவன் கத்தவில்லை. "மெலனிக்குச் சொல்லாதேங்கோ, பயந்திடுவாள்" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னான்.

தீக்காயப் பிரிவில் பத்தொன்பது நாள் கிடந்தான். ஒரு நாள் சிறிது கதைக்கக்கூடியதாக இருந்ததாம். "அண்ணையிலை ஒரு பிழையுமில்லை, நான்தான் பைப்பை வெட்டி இழுத்தனான்" என்று மனைவி கொறற்றியிடம் சொன்னானாம். அவள் அதை உங்களிடமும் சொன்னாள். சாகும்போதும் அவன் காரணத்தைத் தவறாகவே சொன்னான். நீங்கள் விபத்து என்று எழுதி மூடினீர்கள்.

அது அப்படியே இருந்திருக்கும். மூன்று மாதம் கழித்து மெலனி வந்தாள். சிறுபிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிற பெண். நாள் முழுவதும் களிமண்ணில் ஆமை செய்கிறவள். கலியாணத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். அப்பாவின் பியரைத் தானே காய்ச்ச வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். கெல்லரிலிருந்த தாளை எடுத்து, வேறொரு சட்டியில், ஒரு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறாள்.

"அங்கிள், ஒண்டு கேக்கட்டே? அறுபத்தொண்டு எல்லாத்துக்கும் சேத்தெல்லோ வரும். கழுவ முப்பத்தொண்டுதானே?"

"ஓம்" என்றேன்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். கண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது.

"கழிக்க மறந்திட்டியள், என்ன? எனக்குத் தெரியும், நீங்கள் வேணுமெண்டு விட்டிருக்க மாட்டியள். பரவாயில்லை அங்கிள். ஆருக்கும் வரும்."

ஆருக்கும் வரும். இதை என்னிடம் சொன்னாள். ஒன்பது வருடத்தில் என் கணக்கைச் சரிபார்த்த முதல் ஆள் அவள்தான். அதற்காக அவளை நான் மதிக்கிறேன். ஆனால் சரிபார்த்துவிட்டு அவள் வந்தடைந்த முடிவைப் பாருங்கள்.

அவள் தாளைக் கொண்டுவந்து உங்களிடமும் காட்டினாள். நீங்கள் பார்த்தீர்கள். அறிக்கையில் ஒரு வரி சேர்த்தீர்கள். மூத்த மனிதர், கழித்தலில் தவறு, குற்ற நோக்கம் இல்லை. எனக்கும் ஒரு பிரதி வந்தது.

அதற்குப் பிறகு கொறற்றி ஒரு சட்டி மீன்குழம்போடு வந்தாள். "அண்ணை, அவர் உங்களை மன்னிச்சிட்டார், நானும் மன்னிச்சிட்டன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நடந்த தமிழ்ப் பூசையில், அறியாமல் பிழை விட்ட நம் சகோதரருக்காக மன்றாடுவோம் என்று சொல்லி மன்றாடினார்களாம். பாலாம்பிகைக்கு யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். இப்போது தெருவில் காண்கிறவர்கள் என் தோளைத் தொடுகிறார்கள். எர்லாங்கனிலிருந்து அந்த மாணவன் தொலைபேசி எடுத்து, "சேர், வயது போனால் மறதி வரும், யோசிக்காதேங்கோ" என்றான். நான்தான் அவனுக்கு வகையீடு படிப்பித்தேன். தண்ணிக்காரன் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. பாவம் என்கிறார்கள்.

பாலாம்பிகை வீட்டுச் செலவுக் கணக்கைத் தானே பார்க்கத் தொடங்கிவிட்டாள். கொப்பியை அலுமாரியில் வேறு தட்டுக்கு மாற்றி வைத்திருந்தாள்.

ஆகவே இதை எழுதுகிறேன். குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைக்கக்கூடும். உங்கள் வேலையில் அப்படி நினைப்பது வசதிதான். கணக்குச் சரி. சரியான விடையை எடுத்த பிறகு, அதை எழுதாமல் அறுபத்தொன்றை எழுதினேன். ஸ்ராண்ட் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். பைப் இறுக்கம் என்று தெரியும். அவன் எங்கே குந்துவான் என்று தெரியும். தண்ணீர் எத்தனை பாகை என்று நானே பார்த்துச் சொன்னேன். இதில் எந்த இடத்தில் மறதி இருக்கிறது?

அறிக்கையின் நாலாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. அதை வெட்டிவிட்டு, வேண்டுமென்றே செய்தார் என்று எழுதுங்கள். தண்டனை எதுவானாலும் நான் மறுக்கப்போவதில்லை. இரண்டாவது வேண்டுகோள், மெலனியிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அங்கிள் கழிக்க மறக்கவில்லை என்று சொல்லுங்கள். பாவம், அவள் இத்தனை நாளும் தன் தகப்பன் ஒரு முட்டாளின் கையால் செத்துப்போனான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மை தெரிந்தால் அவளுக்கும் ஆறுதலாக இருக்கும்.